ரேடியோ அண்ணன் வாயை மூடிய நாள்

ஒரே ஆளுக்கு இரண்டு பட்டப்பெயர் இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று ‘ரேடியோ’ என்றும் இன்னொன்று ‘ஊமைக்கோட்டான்’ என்றும் இருந்தால், வைத்தவர்களில் யாருக்கோ காது சரியில்லை என்றுதானே நினைப்போம்? எல்லோருக்கும் காது நன்றாகத்தான் இருந்தது. முதல் பெயரை வைத்தவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரோடு வேலை பார்த்தவர்கள். இரண்டாவதை வைத்தது அவருடைய மனைவி.

மனுஷனுக்குத் தொழில் பேஸ் கிடார் வாசிப்பது. நாலு தடித்த கம்பி, நீளமான கழுத்து, மாட்டினால் தோளை இறக்கிவிடும் கனம். ஒரு பாட்டில் பாடுகிறவர் தெரிவார், வயலின் தெரியும், டிரம்ஸ் கூரையைப் பிய்த்துக்கொண்டு தெரியும். பேஸ் கிடார் மட்டும் அடியில் கிடந்து எல்லோரையும் சுமக்கும். அதை எடுத்துவிட்டு அதே பாட்டைப் போட்டுக் கேளுங்கள், இடுப்பு ஒடிந்து உட்கார்ந்துவிடும். இதெல்லாம் யாருக்குத் தெரிகிறது? ரேடியோ அண்ணனுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. அவருக்கு வேண்டியது வேறு.

அது என்ன என்று சொல்வதற்கு முன்னால் அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். டிரம்ஸ்காரருக்கு எல்லாப் பக்கமும் மைக் வைக்க வேண்டும். பாடுகிறவர் எச்சில் விழுங்கினால்கூட மைக் பிடித்துக்கொள்ளும். பேஸ் கிடாருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கிடாரிலிருந்து ஒரு ஒயர் சின்னப் பெட்டி ஒன்றுக்குள் போகும், அங்கிருந்து கம்ப்யூட்டருக்குள் போகும். கம்பியின் அதிர்வு மட்டும்தான் பதிவாகும். வாசிக்கிற ஆள் இருமலாம், தும்மலாம், பக்கத்திலிருப்பவரைத் திட்டலாம், ஒன்றும் பாட்டில் விழாது. அதனால் ரேடியோ அண்ணன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய அறைக்குள் போவதே இல்லை. இந்தப் பக்கம், ஒலிப்பதிவாளரின் மேசையை ஒட்டிக் கிடக்கும் நைந்த சோபாவில் உட்கார்ந்துகொள்வார். ஒயரைச் செருகுவார். முதல் ஸ்வரம் விழும். கூடவே வாயும் திறக்கும்.

திறந்தால் மூடாது. வேகமான பாட்டு என்றால் அரசியல். நடுத்தரம் என்றால் மேல்வீட்டுக்காரர் தண்ணீர்த் தொட்டியை வழியவிட்ட அநியாயம். மெதுவான பாட்டு வந்தால் கடைவாய்ப் பல், முழங்கால், மச்சினன். கதையின் உச்சம் சரியாகப் பல்லவி திரும்பும் இடத்தில் வந்து விழும். எப்படி விழுகிறது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஒலிப்பதிவாளர் செய்ய வேண்டியதெல்லாம் நடுநடுவே ‘உம்’ கொட்டுவதுதான். ‘உம்’ வந்துகொண்டே இருந்தால் விரல் நடந்துகொண்டே இருக்கும். அது நின்றால் ரேடியோ அண்ணன் தலையைத் தூக்கிப் பார்ப்பார். பார்த்தால் ஸ்வரம் சறுக்கும்.

திருத்தம் எடுப்பதும் கதையை வைத்துத்தான். மற்ற வாத்தியக்காரர்களிடம் “ரெண்டாவது சரணத்துலேர்ந்து போகலாம்” என்கிற ஒலிப்பதிவாளர், இவரிடம் “அண்ணே, மச்சினன் ஏணியிலேர்ந்து விழுந்தாரே, அதுக்குக் கொஞ்சம் முன்னாலேர்ந்து போகலாம்” என்பார்.

“ஏணியைப் பிடிச்சுக்கோன்னு நான் கத்தினேனே, அதுக்கு முன்னாலயா பின்னாலயா?”

“பின்னால அண்ணே. கத்தினது சுத்தமா இருக்கு.”

மச்சினன் மறுபடி ஏணியில் ஏறி மறுபடி விழுவான், இந்தத் தடவை ஸ்வரம் பிசகாமல். அந்தக் கூடத்தில் பதிவான ஒவ்வொரு பாட்டுக்கு அடியிலும் இப்படி ஒரு வீட்டுக் கதை ஓடியிருக்கிறது. கேட்கிறவர்களுக்குத்தான் தெரியாது.

இதில் ஒரு சங்கதி ஒலிப்பதிவாளருக்கு மட்டும் பிடிபட்டிருந்தது. டீ வந்ததும் ரேடியோ அண்ணன் கிடாரைச் சுவரில் சாய்த்து வைப்பார். வைத்த கணமே ஸ்டேஷன் நின்றுவிடும். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, இவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏதாவது கேட்டால் “ஆமா”, ரொம்ப வற்புறுத்தினால் “ஆமாமா”. விரல் ஓடினால்தான் அவருக்கு வாய் ஓடும். விரல் சும்மா இருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு நடந்தால்தான் யோசனை வரும், சிலருக்குக் குளித்தால்தான் பாட்டு வரும். இவருக்கு இப்படி.

வீட்டில் கிடார் அலமாரிக்கு மேலே உறையோடு படுத்திருக்கும். கை சும்மா இருக்கும். ஆகவே வாயும் சும்மா இருக்கும். மனைவி காலையில் ஆரம்பிப்பாள், குழாய் ஒழுகுவதைச் சொல்வாள், மகள் போனில் சொன்னதைச் சொல்வாள், கேள்வி கேட்பாள், பதில் வராது, அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள். “சுவத்துகிட்டப் பேசினாலாவது சுண்ணாம்பு உதிரும்” என்று தலையில் அடித்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனுஷன், குழந்தை பிறந்த பிறகு எதனாலோ வாயை மூடிக்கொண்டுவிட்டார் என்பது அவள் கணக்கு. பொண்ணு பிறந்ததில் வருத்தமோ என்றுகூட ஒரு காலத்தில் நினைத்து அழுதிருக்கிறாள். கேட்டால் “இல்ல” என்று ஒரே வார்த்தை. அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை என்ன செய்வாள்?

இப்படியே ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் புது இசையமைப்பாளர் வந்து சேர்ந்தார். சின்ன வயசு, நல்ல காது, அதைவிட நல்ல பிடிவாதம். அந்தக் கூடத்தில் பாதி வேலை இப்போது அவருடையது. அவர் பழைய இசைத்தட்டுகளாகக் கேட்டுக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்திருந்தார்: இனிமேல் ஒயரைச் செருகி ஒவ்வொருவராக வாசிக்கிற கதை வேண்டாம், எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒன்றாக வாசிக்க வேண்டும், பேஸ் கிடார் பெரிய ஸ்பீக்கர் பெட்டியில் முழங்க வேண்டும், அதன் முன்னால் மைக் நிற்க வேண்டும்.

“காத்துல வர்ற சத்தம்தாண்ணே எனக்கு வேணும். ஒயர்ல வர்றது உயிரில்லாம இருக்கு” என்றார்.

“ஆமா” என்றார் ரேடியோ அண்ணன். கிடார் கையில் இல்லை.

“இன்னைக்கு ஒரு பாட்டு இப்படி எடுத்துப் பார்ப்போம். செட் ஆகலன்னா தப்பா நினைக்காதீங்க. பேஸை மட்டும் நானே லேப்டாப்புல போட்டுக்கறேன். எல்லாப் பாட்டுக்கும்.”

லேப்டாப் மேசைமேல் மூடிக் கிடந்தது. அதற்குள் இருக்கும் பேஸ் கிடாருக்குக் கை வலிக்காது, டீ வேண்டாம், மச்சினனும் கிடையாது. ரேடியோ அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குப் பயம் சோற்றைப் பற்றி மட்டும் இல்லை. மச்சினன் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். “எப்ப வேணா வாங்க மாமா, உங்களுக்குன்னு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன்” என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான். நல்ல மனசோடுதான் சொல்வான். ஆனால் அந்த நாற்காலியில் காலையிலிருந்து கடை மூடும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கடையிலும் மௌனம், வீட்டிலும் மௌனம் என்றால் மனுஷன் எங்கேதான் பேசுவது? பேச ஒரே ஒரு சோபா இருந்தது, அதையும் இன்றைக்கு எடுத்துவிடுவார்கள் போலிருந்தது.

முதலில் ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். கூடத்தில் இல்லை. ரேடியோ அண்ணன் வீட்டில் ஒன்று இருந்தது, மேடைக் கச்சேரிக் காலத்தில் வாங்கியது, நெஞ்சளவு உயரம். வீட்டுக்குப் போன் போட்டார்.

“நான்தான். அந்த... பெட்டி...”

“எந்தப் பெட்டி?”

“அதான்...”

“மாத்திரைப் பெட்டியா? மறந்துட்டுப் போயிட்டீங்களா? ஐயோ, நெஞ்சு ஏதும் வலிக்குதா? வாயைத் திறந்து சொல்லுங்களேன்!”

ஒலிப்பதிவாளர் போனைப் பிடுங்கி விஷயத்தைச் சொன்னார். அந்தப் பெட்டியின்மேல் மனைவி துணி மடித்து அடுக்கி வருஷக்கணக்காகிறது. கண்டவன் வந்து தூக்கினால் துணியெல்லாம் கலைந்துபோகும் என்று, தம்பியைக் கடை வண்டியோடு வரவழைத்து அவளே கூட வந்து இறங்கினாள். தம்பி பெட்டியை உள்ளே கொண்டுவந்து போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“என்ன மாமா, எல்லார் மூஞ்சியும் ஒரு மாதிரி இருக்கு? எதுவா இருந்தாலும் நாற்காலி அப்படியே இருக்கு, கவலைப்படாதீங்க” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். சில பேர் ஆறுதல் சொல்லாமல் இருந்தாலே பெரிய உபகாரம்.

மனைவி போகவில்லை. பெட்டியைக் கையோடு திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்று வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். டிரம்ஸ்காரர் அவளைத் தாண்டிப் போகும்போது “ரேடியோ அண்ணன் ரெடியா?” என்று உள்ளே குரல் கொடுத்தார்.

“யாருங்க ரேடியோ?” என்றாள்.

“உங்க வீட்டுக்காரர்தான் அண்ணி.”

அவள் சிரித்துவிட்டாள். “கிண்டல் பண்ணாதீங்க. எங்க வீட்ல அந்த ஸ்டேஷன் எடுத்ததே இல்ல.”

டிரம்ஸ்காரர் திருதிருவென்று விழித்துவிட்டு உள்ளே போனார்.

பெரிய அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். டிரம்ஸைச் சுற்றி மைக், பியானோவுக்கு மைக், ஸ்பீக்கர் பெட்டிக்கு மைக். பியானோவில் இசையமைப்பாளரே உட்கார்ந்தார். “ஒரு குண்டூசி விழுந்தாலும் பதிவாயிடும், ஜாக்கிரதை” என்று ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சொன்னார். யாருக்குச் சொல்கிறார் என்று ரேடியோ அண்ணனுக்குத் தெரியும். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினார்.

எண்ணிக்கை முடிந்து பாட்டு ஆரம்பித்தது. முதல் ஸ்வரம் விழுந்தது. பழக்கம் யாரை விட்டது? “இந்த மேல்வீட்டுக்காரர் இருக்காரே, நேத்து என்ன பண்ணாருன்னா” என்று கணீரென்று ஆரம்பித்துவிட்டார். சொன்னது அவ்வளவும் டிரம்ஸ் மைக்கில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள்.

“மன்னிச்சுக்கோங்க” என்றார்.

இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். தப்பு ஒன்றும் இல்லை, எல்லா ஸ்வரமும் அதனதன் இடத்தில் விழுந்தது. ஆனால் கேட்கச் சகிக்கவில்லை. புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. டிரம்ஸ்காரர் பாதியிலேயே கழுத்தைச் சொறிந்தார். மூன்றாவது தடவைக்கு ஒலிப்பதிவாளர் வந்து ஒரு கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துவிட்டார். வாய் அடைபட்டதும் பேச்சு மூக்கு வழியாகப் புறப்பட்டது. பாட்டு முழுக்க யாரோ அடுத்த அறையில் குறட்டை விடுகிற மாதிரி பதிவாகியிருந்தது. நாலாவது தடவை அவரே கையால் வாயைப் பொத்திக்கொள்ளப் பார்த்தார். வாசிக்க அந்தக் கை வேண்டும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இசையமைப்பாளர் பியானோ மூடியைச் சாத்தினார். எழுந்து வந்து மேசையிலிருந்த லேப்டாப்பைத் திறந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ரேடியோ அண்ணன் கிடாரைக் கழற்றாமல் நின்றார். ஒலிப்பதிவாளருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் ‘உம்’ கொட்டிய மனுஷன் அல்லவா!

“தம்பி, ஒரு நிமிஷம். அண்ணன் பேசாம வாசிக்க முடியாது. பேசினாத்தான் வாசிப்பார்.”

“என்னது?”

“ஆமா. நீங்க இதுவரைக்கும் கேட்டு ‘ஆஹா’ன்னு சொன்ன பேஸ் எல்லாம் பேசிக்கிட்டே வாசிச்சதுதான். ஒயர்ல வாசிச்சதால விழல.”

இசையமைப்பாளர் ரேடியோ அண்ணனைப் பார்த்தார். “நிஜமாவா அண்ணே?”

“ஆமா.”

“ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கிக் குளியலறைக்குள்ள வெச்சிடலாம்” என்றார் ஒலிப்பதிவாளர். “மைக்கும் அங்கேயே. கதவைச் சாத்திட்டு நீளமா ஒயர் இழுத்தா, அண்ணன் என் பக்கத்துல சோபாவில உக்காந்து வாசிக்கலாம். உங்களுக்குக் காத்துல வர்ற சத்தம் கிடைக்கும். அவர் பேச்சு எதுலயும் விழாது.”

இசையமைப்பாளர் லேப்டாப்பையும் ரேடியோ அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி. ஒரே ஒரு தடவை. கடைசி” என்றார்.

பெட்டி குளியலறைக்குப் போனது. சும்மா ஒரு ஸ்வரம் தட்டிப் பார்த்தார்கள். வாளி நடுங்கியது, அதை வெளியே எடுத்தார்கள். கண்ணாடி நடுங்கியது, அதைக் கழற்றினார்கள். சோப்பு டப்பா தானாகவே குதித்துத் தற்கொலை செய்துகொண்டது. சத்தம் என்னவோ அருமையாக இருந்தது.

ஆனால் சோபாவில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. எல்லா மைக்கும் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஒலிப்பதிவாளர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பத்து விரலாலும் மேசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘உம்’ கொட்ட முடியாது.

“சுவத்தைப் பார்த்துப் பேசுங்களேன் அண்ணே.”

“எப்படிப்பா?” என்றார் ரேடியோ அண்ணன். கிடார் மடியில் இருந்ததால் இரண்டு வார்த்தை கூடுதலாக வந்தது. “கேக்க ஆள் வேணாமா?”

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே ஓடினார். திரும்பி வரும்போது கூட மனைவி.

“நானா? நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் இல்ல அண்ணி. அண்ணன் பேசுவார். நீங்க நடுநடுவுல ‘உம்’னு சொன்னாப் போதும். நிறுத்திடாதீங்க. அவர் வேலை இதுலதான் இருக்கு.”

“இவர் பேசுவாரா?” அவள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். “என்கிட்டயா?”

விளையாட்டு இல்லை என்பது அவர் நெற்றி வேர்வையைப் பார்த்ததும் புரிந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ்காரர் குச்சியைத் தட்டி எண்ணினார்.

நடுத்தர வேகம். முதல் ஸ்வரம் விழுந்தது. வாய் திறந்தது.

“இந்த மேல்வீட்டுக்காரர் இருக்காரே, நேத்துக் காலையில தொட்டி வழியுது, இவர் பால்கனியில நின்னு பேப்பர் படிக்கிறாரு...”

அவளுக்கு மூச்சே நின்றுவிட்டது. இவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலமாயிற்று! வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். ‘உம்’ வரவில்லை. அவர் தலையைத் தூக்கப் போனார். ஒலிப்பதிவாளர் மேசைக்கு அடியிலிருந்து சோபாவை உதைத்தார்.

“உம்!” என்றாள் பதறிப்போய்.

விரல் நடந்தது. “...நான் கீழேர்ந்து கையைக் காட்டறேன், அவரும் பதிலுக்குக் கையைக் காட்டறாரு, குட்மார்னிங் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டாரு மனுஷன்...”

“உம்.” அவளுக்குச் சிரிப்பு வந்தது. “நேத்து நடந்ததா? என்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“...ஜன்னல்ல திரை இருந்திருந்தா அந்த மூஞ்சியைப் பார்த்திருக்கவே வேணாம். நீ வாங்கினியே ஒரு நீலத் திரை, அது நல்லாத்தான் இருந்துச்சு...”

இங்கேதான் ‘உம்’ முடிவுக்கு வந்தது.

“நல்லா இருந்துச்சா? அன்னைக்கு ‘எப்படி இருக்கு, எப்படி இருக்கு’ன்னு தொண்டை கிழியக் கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு நின்னீங்க. பிடிக்கலைன்னு நினைச்சு வெயில்ல நடந்துபோய்த் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன்!”

ஒலிப்பதிவாளர் திகைத்து அவளைப் பார்த்தார். உடனே ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டார். பேஸ் கிடார் மாறியிருந்தது. திட்டு விழ விழ அது கொஞ்சம் பின்வாங்கியது, பின்வாங்கிய இடத்திலிருந்து ஒரு தள்ளுத் தள்ளியது. கண்ணாடிக்கு அப்பால் டிரம்ஸ்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிறுத்தாதீர்கள் என்று ஒலிப்பதிவாளர் கையைச் சுழற்றிக் காட்டினார். நிறுத்தும் எண்ணம் அவளுக்கும் இல்லை.

“பிடிச்சுதான் இருந்துச்சு. சொல்ல வரல.”

“எதுதான் வந்துச்சு உங்களுக்கு? பொண்ணு வேலைக்குன்னு வெளியூர் கிளம்பினாளே, ஸ்டேஷன்ல அவ அழறா, நான் அழறேன், நீங்க தூண் மாதிரி நின்னீங்க. ‘அப்பாவுக்கு நான் போறது ஒண்ணுமே இல்லையாம்மா’ன்னு ரயில்லேர்ந்து போன் பண்ணிக் கேட்டா. நான் என்னத்தைச் சொல்ல?”

இரண்டாவது சரணம் வந்தது. ரேடியோ அண்ணனின் குரல் இறங்கியது, விரலும் கூடவே இறங்கிக் கீழ்க் கம்பிக்குப் போனது.

“அன்னைக்கு நேரா இங்கதான் வந்தேன். அவ நடக்கப் பழகினதுலேர்ந்து எல்லாத்தையும் சொன்னேன். அவ முதல்ல ‘ப்பா’ன்னு சொன்னது, பள்ளிக்கூடத்து வாசல்ல என் சட்டையை விடமாட்டேன்னது. கல்யாண வீட்டு ஆட்டப் பாட்டு ஒண்ணு ஓடிச்சு, அது முழுக்கச் சொன்னேன். இவர்தான் ‘உம்’ கொட்டினார்.”

அவள் ஒலிப்பதிவாளரைப் பார்த்தாள். அவர் மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆமாம் என்று தலையாட்டினார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இவர்கிட்டச் சொன்னீங்க. ஊர்ல இருக்கிறவங்ககிட்டச் சொன்னீங்க. என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல? நான் என்ன பாவம் பண்ணேன்?”

“கை சும்மா இருந்தா எனக்குப் பேச வராது. உனக்குத் தெரியாதா?”

“எனக்கு எப்படித் தெரியும்? வீட்ல கிடார் இருக்கே, எடுத்து வாசிக்கிறதுதானே!”

“நீதானே எடுக்கக்கூடாதுன்னு சொன்ன.”

“நானா? எப்ப?”

“பாப்பா தூங்கிட்டிருந்தா. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு. ‘இந்தச் சனியனை வீட்ல எடுக்காதீங்க’ன்னு சொன்ன. எடுக்கல.”

அவள் ஒரு முழுப் பல்லவி நேரம் விரல் விட்டு வருஷத்தை எண்ணினாள். அந்தப் பாப்பாவுக்கு இப்போது கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“அட மனுஷா!” என்று கடைசியில் வெடித்தாள். “அது அன்னைக்கு மத்தியானத்துக்குச் சொன்னதுங்க! குழந்தை எழுந்திரிக்கிற வரைக்கும்!”

“நீ திரும்ப எடுக்கலாம்னு சொல்லவே இல்லையே.”

“அதைக் கேக்க ஒரு வாய் இல்லையா உங்களுக்கு?”

“அதுக்குத்தான் கிடார் வேணும்.”

ஒலிப்பதிவாளரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஹெட்போனை ஒரு காதிலிருந்து தள்ளிவிட்டு, “அண்ணி, அது கரண்டு கிடார். பெட்டியில செருகாம வாசிச்சா பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளுக்கு மட்டும்தான் கேக்கும். குழந்தை என்ன, கொசுகூட எழுந்திரிக்காது” என்றார்.

அவள் இரண்டு கையாலும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. “பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளுக்குக் கேட்டாப் போதுமேய்யா!” என்று புருஷன் தோளில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். அந்த அறையில் ஒரு ஸ்வரம் நழுவிப்போய் இரண்டு ஸ்வரமாக விழுந்தது. அத்தோடு பாட்டு முடிந்தது.

பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு இசையமைப்பாளர் ஓடி வந்தார். அந்தப் பக்கம் அவருக்கு ஹெட்போனில் கேட்டது கிடார் மட்டும்தான். கண்ணாடி வழியாக ஒரு அம்மாள் கையை நீட்டி நீட்டிக் கத்துவதைப் பார்த்தாரே தவிர, என்ன ஏது என்று தெரியாது.

“அண்ணே, என்ன அண்ணே பண்ணீங்க! ரெண்டாவது சரணத்துல கீழ இறங்கினீங்களே, எனக்கு உடம்பே சிலிர்த்துப்போச்சு. கடைசில அந்த ரெட்டை ஸ்வரம் எங்கேர்ந்து வந்துச்சு?”

“தோள்லேர்ந்து” என்றார் ஒலிப்பதிவாளர்.

இசையமைப்பாளர் மேசைக்குப் போய் லேப்டாப்பை மூடி, பையில் போட்டு, ஜிப்பையும் இழுத்தார். “இந்த இடம் உங்களோடது அண்ணே. இனிமே எல்லாப் பாட்டுக்கும் நீங்கதான். குளியலறையை வேணும்னா பூட்டியே போட்டுடலாம், எல்லாரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்க்கட்டும்.” டிரம்ஸ்காரர் கதவருகே நின்று குச்சியைக் குச்சியால் தட்டினார். ரேடியோ அண்ணன் தலையை ஆட்டினார். விட்ட மூச்சு கதவு வரைக்கும் கேட்டது.

“அப்ப முடிஞ்சுது. முதல் தரமான டேக், இதுக்கு மேல ஒண்ணும் வேணாம். எல்லாரும் டீ குடிக்கலாம் வாங்க” என்றார் இசையமைப்பாளர்.

ரேடியோ அண்ணன் வாரைத் தோளிலிருந்து எடுத்தார். கிடாரைச் சுவரில் சாய்த்து வைக்கக் குனிந்தார்.

மனைவி பாய்ந்து அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“கீழ வெச்சீங்கன்னா நடக்கிறதே வேற. எடுங்க மேல” என்று அவர் மடியிலேயே திருப்பி வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இசையமைப்பாளர் பக்கம் திரும்பினாள். “தம்பி, இன்னொரு தடவை எடுங்க.”

“அக்கா, ரொம்ப நல்லா வந்திருக்கு. தேவையே இல்ல.”

“உங்களுக்கு வந்திருக்கும். எனக்கு இன்னும் பாதிகூட வரல. இவர்கிட்டக் கேக்க வேண்டியது எவ்வளவு மிச்சம் இருக்கு தெரியுமா? நீங்க போய் உக்காந்து வாசிங்க.” சோபாவில் காலை மடித்து வாகாக உட்கார்ந்துகொண்டாள். “கொஞ்சம் நீளமான பாட்டா எடுங்க.”